தட்டினால் ஓட வேண்டும்

1964 மே 1, விடியற்காலை நான்கு மணி. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் முதல் பேசிக் நிரல் ஓடியது. அறிவியல் படிக்காத மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்று ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் உருவாக்கிய மொழி அது. வரிகளை எழுதி ‘ரன்’ என்று அடித்தால் விடை வந்துவிடும்.

மொழி எளிதானதும் கற்போருக்கு எடுத்துக்காட்டுகள் மீது பசி எடுத்தது. டெக் கணினி நிறுவனத்தின் கல்விப் பிரிவிலிருந்த டேவிட் ஆல், 1973இல் ‘101 பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்’ நூலைக் கொண்டுவந்தார். அதில் துண்டு துணுக்குகள் இல்லை. முழு நிரல்கள், கூடவே ஓட்டினால் என்ன வரும் என்பதற்கான மாதிரியும் இருந்தன. வீட்டுக் கணினிகளுக்காக 1978இல் வந்த பதிப்பு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

ஆனால் அச்சிலிருந்து கணினிக்கு நிரலைக் கொண்டுபோக விரல்களை விட்டால் வழியில்லை. பக்கம் பக்கமாகத் தட்டி முடித்த சிறுவன், ஒரு காற்புள்ளி விட்டுப்போனதைத் தேடி மாலை முழுவதையும் தொலைப்பான். ‘கம்ப்யூட்!’ இதழ்க் குழுமம் இந்த வேதனையைப் புரிந்துகொண்டு 1983இல் ‘ஆட்டோமேட்டிக் புரூஃப்ரீடர்’ என்ற குறுநிரலை அச்சிட்டது. ஒரு வரியைத் தட்டியதும் அதன் எழுத்துகளைக் கூட்டித் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். இதழில் அந்த வரியோடு அச்சான எண்ணுடன் அது ஒத்துப்போனால் வரி சரி. வெறும் கூட்டல் என்பதால் இரண்டு எழுத்து இடம் மாறினால் தெரியாது. 1986இல் வந்த புதிய வடிவம் அதையும் பிடித்தது. வாசகரின் நேரத்தை இவ்வளவு மதித்த இதழ்கள் அபூர்வம்.

வாசகரின் தட்டுப்பிழை ஒருபுறம் இருக்கட்டும், அச்சிட்டவரே பிழை விட்டால்? பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1978இல் எழுதிய சி மொழி நூல் ‘ஹலோ, வேர்ல்டு’ நிரலால் புகழ்பெற்றது. அதைவிடப் பெரிய செய்தி அதன் முன்னுரையில் இருக்கிறது: எடுத்துக்காட்டுகள் அனைத்தும் கணினியில் இருந்த நூலின் மூலத்திலிருந்தே நேரடியாகச் சோதிக்கப்பட்டவை. அதையே பைத்தான் மொழி பின்னாளில் எல்லோருக்கும் பொதுவாக்கியது. டிம் பீட்டர்ஸ் எழுதிய ‘டாக்டெஸ்ட்’ 2001இல் பைத்தான் 2.1உடன் வந்தது. நிரலின் விளக்கவுரைக்குள் இருக்கும் எடுத்துக்காட்டை ஓட்டி, எழுதியபடி விடை வருகிறதா என்று அது பார்க்கும்.

தமிழில் நிரலாக்கப் பாடம் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். தட்டச்சு மென்பொருள் நேரான மேற்கோள்குறியை வளைத்துவிட்டால் நிரல் ஓடாது. அச்சுக்கு அனுப்பும் கோப்பிலிருந்தே நிரலை எடுத்து, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.