நின்ற வண்டியைத் தின்னும் துரு



அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் சில படங்கள் அனுப்பினார். 1960களில் வந்த ஃபோர்டு மஸ்டாங் கார். வெளியே சிவப்பு பெயின்ட் பளபளக்கிறது. உள்ளே மிதியடியைத் தூக்கினால் தரைத்தகடு சல்லடை மாதிரி இருக்கிறது. "நம்ம ஊர்ல கடற்காத்து அடிக்கு, இரும்பு இத்துப்போகு. இங்க கடலே இல்லையே சார், பிறகு ஏன் இப்படி?" என்று கேட்டிருந்தார். கேள்வி சின்னது, பதில் கொஞ்சம் நீளம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். கோயில் நகைக்குப் பேர்போன வடசேரியில் இருந்துகொண்டு வாத்தியார் துருவைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள். பொன் துருப்பிடிக்காது, அதனால் அதற்குச் சரித்திரமும் குறைவு. இரும்புக்குத்தான் கதை உண்டு.

வகுப்பில் நடத்தியது நினைவிருக்கும். இரும்பு, ஈரம், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. ஈரத்தில் உப்பு கலந்தால் வேலை வேகமாக நடக்கும், ஏனென்றால் உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் முதலில் கொப்புளம் போல உப்புகிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

நமக்கு உப்பைக் கடல் தருகிறது. சாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. மிச்சிகனைச் சுற்றியிருப்பதோ நன்னீர் ஏரிகள். அங்கே உப்பை மனிதனே கொண்டுவந்து கொட்டுகிறான். சாலையில் பனி உறையாமல் இருக்கக் குளிர்காலத்தில் உப்பைத் தூவுவது இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே பெருவழக்கமாகிவிட்டது. கரைந்த உப்புநீரைச் சக்கரம் வாரி வண்டியின் அடிவயிற்றில் அடிக்கும். கடல் இல்லாத ஊரில் கடற்கரை வந்தது அப்படித்தான்.

ஆனால் உப்பு மட்டும் குற்றவாளி அல்ல. வண்டி கட்டும் முறை மாறியதும் ஒரு காரணம். அதற்கு நம் ஊர்ச் சரித்திரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துச் சேவையைத் தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடிய பஸ்கள் அவை. சேஸிஸ் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. மேலே உள்ள பாடியை இங்கேயே கட்டினார்கள். நம் பழைய கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கூண்டு இற்றுப்போனால் வேறு கூண்டு போடலாம், வண்டி வண்டியாகவே இருக்கும். அந்தக் காலத்து மோட்டார் வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். கீழே கனத்த இரும்புச் சட்டம், மேலே உடல். சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கும் தனிச் சேஸிஸ் இருந்தது.

இதற்கு மாறாகச் சட்டமே தனியாக இல்லாமல், மெல்லிய தகடுகளை மடித்துப் பற்றவைத்து உடலையே எலும்பாக்கும் முறையும் பரவியது. முட்டை ஓட்டைப் போல முழு உடலும் சேர்ந்து பாரம் தாங்கும். எடை குறைவு, தயாரிப்பும் சுலபம். 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங் அந்த வகை. நம் அம்பாசடரும் அந்த வகைதான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அதைத் தயாரித்தார்கள். இந்த வகை வண்டியில் துரு தோல்நோய் அல்ல, எலும்புருக்கி.

மஸ்டாங்கில் ஒரு பிரபலமான பலவீனம் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வர ஒரு பெட்டி போன்ற அமைப்பு. அதில் இலைதழை விழுந்து அடைத்துக்கொண்டால் மழைநீர் வடியாமல் தேங்கும். அங்கே ஓட்டை விழுந்ததும் தண்ணீர் நேராக ஓட்டுநரின் காலடிக்கு வரும். மாணவர் அனுப்பிய படத்தில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். எந்தக் காராக இருந்தாலும் கதை ஒன்றே: கதவின் அடிவிளிம்பு, படிக்குக் கீழே உள்ள பெட்டி, டிக்கியின் தரை. தண்ணீர் போகும் வழி உண்டு, வெளியேறும் வழி அடைந்திருக்கும், நம் கண்ணுக்கும் தெரியாது.

இது எங்கள் குடும்பத்தையே ஒருமுறை உலுக்கியது. 1980களில் என் அத்தான் ஒருவர், அக்காவின் நகையை விற்று ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களுக்காக இரவெல்லாம் கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம் வண்டி கிடக்கும். விற்றவர் பட்டி பூசி, புதுப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார். உள்ளே காலுக்கு இதமாகத் தென்னந்தும்புப் பாய். அந்தப் பாய் ஈரத்தை விடவே இல்லை. ஒருநாள் டயர் மாற்ற ஜாக்கி வைத்துத் தூக்கினார். வண்டி எழும்பவில்லை, ஜாக்கிதான் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஏறியது. பிறகு வெல்டிங் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த ஓட்டை. எஃப்.சி. கிடைக்கவில்லை. இஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லாத வண்டி கடைசியில் எடைக்குப் போனது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் திருமண வீடுகளுக்கு வெறும் கழுத்தோடு வந்த வருடங்கள் எங்களுக்கு நினைவிருக்கிறது.

பெரிய கம்பெனிகளும் இதில் அடிபட்டிருக்கின்றன. உடலை முழுதாகப் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்திப் பூச்சு ஒட்டவைக்கும் முறை 1960களில் வந்தது. 1970இல் வெளிவந்த செவர்லே வேகா காரை அப்படித்தான் முக்கினார்கள். கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்கும் அல்லவா? அதேபோல முன் மட்கார்டுகளின் உள்ளே காற்று நின்று, அந்த இடத்தில் பூச்சு ஏறவில்லை. சில ஆண்டுகளிலேயே துரு. கம்பெனி தன் செலவில் ஆயிரக்கணக்கான மட்கார்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. பிற்பாடு துத்தநாகம் பூசிய தகடு கார்களுக்குப் பரவலாக வந்தது. துத்தநாகம் தான் முதலில் அரிந்து இரும்பைக் காக்கும். இன்றைய கார்கள் பத்துப் பதினைந்து வருடம் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி. அமெரிக்க வண்டியின் துருவைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். பெருந்தலைவர் காமராஜர் பயன்படுத்திய கருப்புச் செவர்லே, எம்.டி.டி. 2727, நம் சென்னையில்தான் இருக்கிறது. காமராஜர் நமக்கு அந்நியர் அல்ல. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு இணைந்தபோது அவர்தான் முதலமைச்சர். 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது, 1971இல் மறுபடியும் அனுப்பியது. 1975 அக்டோபர் 2 அன்று மறையும்போதும் அவர் நம் எம்.பி.தான்.

அவர் ஏறி ஓடிய நாளில் அந்த வண்டி துருவால் படுத்துவிடவில்லை. அவர் போன பிறகு, நினைவுச் சின்னமாக நின்ற காலத்தில்தான் துருவேறியது. தேனாம்பேட்டை காமராஜர் அரங்க வளாகத்தில் வெகுகாலம் அப்படிக் கிடந்து, அண்மை ஆண்டுகளில்தான் சீரமைக்கப்பட்டது. ஓடுகிற வண்டியைத் தினம் ஒருவன் கழுவுவான், துடைப்பான், கீழே குனிந்து பார்ப்பான். ஓட்டம் இருந்தால் ஈரம் உலரும், ஆயில் எல்லாப் பாகத்துக்கும் போகும். நின்றுவிட்ட வண்டிக்கு நாம் மாலை போடுகிறோம், தார்ப்பாய் போட்டு மூடுகிறோம். தார்ப்பாய்க்குள் ஈரம் அடைபட்டுக் கிடக்கும். பெட்ரோல் டாங்கின் காலியிடத்திலும் நீர் கோத்துக்கொள்ளும். மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு நாம் கைவிட்டுவிடுகிறோம். நினைவைக் காப்பது என்றால் குனிந்து பார்ப்பதும் அதில் சேர்த்தி.

இதை இப்போது எழுதக் காரணமும் உண்டு. தாத்தா வண்டி, அப்பா வண்டி என்று நம் சொந்தத்தில் நாலைந்து வீடுகளில் பழைய கார்கள் நிற்கின்றன. எடைக்குப் போடவா, வைத்துக்கொள்ளவா என்று கேட்கிறீர்கள். 50 வருடத்துக்கு மேற்பட்ட கார்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிந்தால் அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. முடிவெடுக்குமுன் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். வெளிச்சுவரில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரையும் படிப்பெட்டியும் உறுதியாக இருந்தால் வண்டியைக் காப்பாற்றலாம். அவை போய்விட்டால் ஓட்டாதீர்கள், பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால் யார் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைப்பது என்று வீட்டில் ஒரு பேரைக் குறித்து வையுங்கள். பேர் குறிக்காத வேலையை யாரும் செய்வதில்லை, இது நாற்பது வருட வகுப்பறை அனுபவம். உங்கள் வீட்டு வண்டியின் படத்தைக் கீழே போடுங்கள். மேலே எடுத்த படம் வேண்டாம், அடியில் எடுத்தது.