குப்பி விளக்கும் தாயின் கண்ணும்

எங்களில் பலரின் அம்மாமார் தொண்டைமானாற்றில் விளக்கு வெளிச்சத்தில் படித்தவர்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. மண்ணெண்ணெய்க்கும் தடை. கிடைத்தாலும் நெருப்பு விலை. வெளிக்கள நிலையத்தின் மாதிரி வினாத்தாள்களைச் செய்ததும் அந்தச் சின்னச் சுடரின் முன்னால்தான்.

அந்தக் காலத்துக் கதைகளை வீட்டில் கேட்டால், விளக்குத் தட்டுப்பட்டு நெருப்புப் பிடித்த கதையும் வரும். உடனே ஒரு கேள்வியும் வரும்: "தாய்க்காரி எங்க பார்த்துக்கொண்டு நிண்டவ?" விளக்கை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.

நாங்கள் விளக்கைக் கேட்டுப் பார்ப்போம். குப்பி விளக்கு என்பது பழைய மருந்துப் போத்தலோ சாராயப் போத்தலோ. மூடியில் துளை, அதில் ஒரு திரி. போத்தல் ஒடுங்கி உயர்ந்தது. கை பட்டால் விழும், உருளும். மூடி இறுக்கமில்லை, எண்ணெய் கொட்டும், திரியின் நெருப்பு அதைத் தொடும். தண்ணிக்கும் விறகுக்கும் நிவாரண வரிசைக்கும் அலைந்த ஒரு தாய், இந்தச் சாமானை இரவு முழுக்கக் கண் வெட்டாமல் பார்க்க ஏலுமோ?

தடைக்காலத்தில் எங்கட சனம் கண்டுபிடித்த ஜாம் போத்தல் விளக்கு வேறு மாதிரி. அடியில் பஞ்சு, அது ஊறக் கொஞ்சம் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் விழுந்தாலும் ஓடிப் பரவ அதில் எண்ணெய் அவ்வளவு இல்லை. பஞ்சம் தற்செயலாகத் தந்த பாதுகாப்பு என்றே அதை நாங்கள் வாசிக்கிறோம்.

தெற்கில் ஒருவர் இதைத் தெரிந்தே செய்தார். சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, விளக்கு விழுந்து எரிந்துபோனவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். கவனமாக இருங்கள் என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. 1992 இல் விளக்கையே மாற்றி வடிவமைத்தார். முன்மாதிரி, எல்லார் வீட்டிலும் இருந்த மார்மைட் போத்தல். குட்டை, கனம், இலேசில் சரியாது. சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டை. எண்ணெய் கொட்டாதபடி முறுக்கி மூடும் உலோக மூடி. விலையும் ஏழைகளுக்குக் கட்டுப்படியானது. 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது; இலட்சக்கணக்கான விளக்குகள் வீடுகளுக்குப் போயின. தாய்மாரின் கண் அதே கண்தான். மாறினது போத்தல்.

அப்படியென்றால் பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. கனடாவின் வின்சர் நகரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை வைத்தியர், மருந்து விழுங்கிய பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துக் களைத்து, அமத்தித் திருகினால் மட்டும் திறக்கும் மூடியை 1967 இல் கொண்டுவரச் செய்தார். அங்கே பிள்ளைகள் நஞ்சாகும் சம்பவங்கள் வெகுவாகக் குறைந்தன. அந்த மூடி இப்ப டொரொன்டோ மாமாவின் பொதியில் எங்கட வீட்டுக்கும் வருகுது. அம்மம்மாவுக்குத் திறக்க ஏலாது. எங்களிட்டத் தந்து திறப்பித்து, குளிசைகளை ரொபி ரின்னுக்குள் கொட்டி வைப்பா. பேரப்பிள்ளைக்கு அந்த ரின் என்றால் ரொபிதான்! மூடி செய்த வேலை அதோடு முடிந்தது. அதன்பிறகு மிச்சம் வீட்டாரின் கையில்.

ஆக, இரண்டும் வேண்டும். ஆனால் ஒழுங்கு முக்கியம். விழுந்தால் எரியும் சாமானை விற்றுவிட்டு, விழாமல் பார்க்கச் சொல்லித் தாயிடம் பாரம் போடுவது நியாயமில்லை. பாதுகாப்பான சாமான் முதலில் வீட்டுக்கு வரவேண்டும். அதைக் கெடுக்காமல் வைத்திருப்பது எங்கட வேலை.

இன்றைக்கும் எத்தனை குசினியில் மண்ணெண்ணெய் சோடாப் போத்தலில், நிலத்தில் இருக்கிறது? இதை வாசித்து முடித்ததும் ஒருக்கால் போய்ப் பாருங்கோ. இருந்தால் எடுத்து உயரத்தில் வையுங்கோ. பிறகு, எரிந்த பிள்ளையின் தாயை ஊர் குற்றம் சொல்லும்போது, அந்தப் போத்தலைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கோ.