பொறி என்பது தந்திரமா? "வேலை" என்ற சொல்லுக்குப் பின்னால் 2000 ஆண்டுகள்

தரம் 10 விஞ்ஞானம் கற்பிக்கும் நாம் வருடாவருடம் ஒரே விடையைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம். "கப்பியைப் பயன்படுத்துவதால் கிடைக்கும் நன்மை யாது?" என்று கேட்டால், வகுப்பில் ஏராளமானோர் "வேலை குறையும்" என்று எழுதுவார்கள். அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு, "எத்தனம் குறையும்" என்று பக்கத்தில் எழுதுகிறோம். பிள்ளை அதை மனனம் செய்துகொள்ளும். வேலை ஏன் குறையாது என்பது விளங்கியதா என்று அடுத்த வினாத்தாளும் கேட்பதில்லை.

இதற்காகப் பிள்ளைகளைக் கோபித்துப் பயனில்லை. இந்த ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல மனிதர்களுக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் எடுத்தன. அந்தக் கதை எமது பாடநூலில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். நீளமான பதிவுதான், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இன்று உலகம் முழுக்க வழங்கும் "மெக்கானிக்" என்ற சொல் "மேகனே" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொறி என்றும் பொருள், சூழ்ச்சி என்றும் பொருள். அரபியில் பொறிகள் பற்றிய கலைக்கு "இல்முல் ஹியல்" என்று பெயர். ஹியல் என்பது ஹீலாவின் பன்மை. மார்க்கச் சட்டம் கொஞ்சம் படித்தவர்களுக்கு ஹீலா என்றால் என்னவென்று தெரியும்: நேர்வழியில் முடியாததைச் சுற்றுவழியில் முடித்துக்கொள்ளும் உபாயம். தமிழுக்கு வந்தால், நாம் "எளிய பொறிகள்" என்று கற்பிக்கும் அதே பொறிதான் எலிப்பொறியிலும் இருக்கிறது.

மூன்று மொழிகளிலும் பொறிக்குப் பக்கத்தில் தந்திரம் நிற்கிறது. ஏன்? பார்ப்பவர்களுக்கு அது அப்படித்தான் தோன்றியது. பத்துப் பேர் தூக்க முடியாத கல்லை, ஒருவன் ஒரு நீண்ட தடியால் நெம்பிப் புரட்டிவிடுகிறான். சிறியது பெரியதை வென்றுவிடுகிறது. அரிஸ்டோட்டிலின் பெயரில் வழங்கும் "இயந்திரவியல் வினாக்கள்" என்ற பழைய கிரேக்க நூல் இந்த வியப்போடுதான் ஆரம்பிக்கிறது. இயற்கை எமக்கு எதிராக நிற்கும் இடத்தில் கலைத்திறனால் அதை வெல்கிறோம் என்பது அந்நூலின் பார்வை. அதாவது, பொறி என்பது இயற்கையை ஏமாற்றும் வழி.

இந்த எண்ணத்தில் முதல் கீறலைப் போட்டவர்களில் ஒருவர் அலெக்சாந்திரியாவின் ஹெரோன். கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பாரங்களை அசைக்க ஐந்து அடிப்படைப் பொறிகள் உண்டு என்று அவர் வகைப்படுத்தினார்: சில்லும் அச்சாணியும், நெம்பு, கப்பி, ஆப்பு, திருகு. எமது பாடநூலில் உள்ள சாய்தளம் அவருடைய பட்டியலில் இல்லை. அது பிற்காலத்தில் சேர்ந்தது.

ஹெரோன் ஒரு கணக்குப் போடுகிறார். 1000 தாலந்து பாரத்தை 5 தாலந்து விசையால் அசைக்க வேண்டும். பாரம் விசையைப் போல 200 மடங்கு. பற்சில்லுகளைத் தொடராக இணைத்தால் இது முடியும் என்று காட்டுகிறார். அதோடு நிற்கவில்லை. இத்தகைய பொறிகள் எல்லாவற்றிலும் ஒரு தாமதம் வரும், விசை எந்த விகிதத்தில் குறைகிறதோ அந்த விகிதத்தில் நேரம் கூடும் என்கிறார். எமது மொழியில் சொன்னால், பாரம் ஒரு முழம் உயர வேண்டுமென்றால் கயிற்றை 200 முழம் இழுக்க வேண்டும். சும்மா கிடைத்தது ஒன்றுமில்லை, விலை கொடுத்தாகிவிட்டது. ஆனால் ஹெரோனுக்கு அது பொறியோடு கூடவே வரும் ஒரு குறைபாடாகத்தான் தெரிந்தது. விசையையும் தூரத்தையும் பெருக்கி, அந்தப் பெருக்கத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இந்த நூல் எமக்குக் கிடைத்த விதமும் சொல்லப்பட வேண்டியது. அதன் கிரேக்க மூலம் முழுமையாக எஞ்சவில்லை. 4ஆம் நூற்றாண்டில் பப்புஸ் என்ற கணிதர் எடுத்துக்காட்டிய பகுதிகள் மட்டுமே கிரேக்கத்தில் உண்டு. முழு நூலையும் காப்பாற்றியது அரபி மொழி. 9ஆம் நூற்றாண்டில் குஸ்தா இப்னு லூகா என்ற அறிஞர் அதை அரபிக்கு மொழிபெயர்த்தார். இன்றைய லெபனானிலுள்ள பஅல்பக் நகரைச் சேர்ந்த கிறிஸ்தவர் அவர். அந்த அரபு நூலின் பிரதியொன்று 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. 1893இல் கார்ரா த வோ என்ற பிரெஞ்சு அறிஞர் அதைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் அச்சிட்டார்.

அதே 9ஆம் நூற்றாண்டு பக்தாதில்தான் பனூ மூஸா சகோதரர்கள் மூவரும் "கிதாபுல் ஹியல்" எழுதினார்கள். தானாக நிற்கும் நீர்ப்பாத்திரங்கள், விதவிதமான நீரூற்றுகள் என்று சுமார் நூறு கருவிகள் அதில் உண்டு. பெயருக்கேற்றபடி பார்ப்பவரை வியக்க வைக்கும் தந்திரங்கள் அவை. ஆனால் அதே சூழலில் வேறொரு பாதையும் பிறந்தது. அல்-ஃபாராபி அறிவுத்துறைகளை வகைப்படுத்தும்போது "இல்முல் ஹியல்" என்ற கருவிக் கலையையும் "இல்முல் அஸ்கால்" என்ற பாரங்களின் அறிவியலையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்து வைத்தார். முதலாவது செய்து காட்டுவது, இரண்டாவது அளந்து நிறுவுவது.

அந்த இரண்டாவது பாதையில் வந்தவர் ஸாபித் இப்னு குர்ரா. ஹர்ரான் நகரத்து ஸாபிஈ சமயத்தவர், 901இல் மறைந்தார். ஒரு கை குட்டையாகவும் மறு கை நீளமாகவும் உள்ள தராசு எப்படிச் சமநிலையில் நிற்கிறது என்று கேத்திர கணிதத்தால் நிறுவி ஒரு நூல் எழுதினார். நீளமான கையில் சிறிய படிக்கல்லை நகர்த்தியே குட்டைக் கையில் தொங்கும் பெரிய பாரத்தை நிறுக்கலாம். நெம்பின் விதி அன்றாடம் கடைத்தெருவில் வேலை செய்த இடம் அதுதான். 12ஆம் நூற்றாண்டில் க்ரெமோனாவின் ஜெராட் அந்த நூலை லத்தீனுக்கு மாற்றினார். ஐரோப்பாவில் "பாரங்களின் அறிவியல்" என்று வளர்ந்த துறையின் அடிப்படை நூல்களில் அதுவும் ஒன்றானது.

அதே நூற்றாண்டில், இன்றைய துருக்மெனிஸ்தானிலுள்ள மர்வ் நகரில், அல்-காஸினி "மீஸானுல் ஹிக்மா" என்ற பெருநூலை ஹிஜ்ரி 515இல், அதாவது 1121ஆம் ஆண்டளவில் எழுதினார். பைஸாந்திய வம்சாவளியில் வந்த அடிமை அவர். எஜமானர் அவரைக் கல்வி கற்க வைத்தார். ஐந்து தட்டுகள் கொண்ட அவருடைய தராசு, பொருளை நீரிலும் நிறுத்து, தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று கண்டுபிடித்தது. ஏமாற்றும் கருவி என்று பெயரெடுத்த பொறி, இவர் கையில் ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும் கருவியாகிவிட்டது.

இனி இத்தாலி. 1600ஆம் ஆண்டுக்குச் சற்று முன்னர், பாதுவா நகரில் கற்பித்துக்கொண்டிருந்த கலிலியோ பொறிகள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இயற்கையை ஏமாற்றிச் சிறிய விசையால் பெரிய பாரத்தைத் தூக்கிவிடலாம் என்று நம்பும் பொறியியலாளர்கள் வீணாக ஏமாந்து போகிறார்கள் என்பதே அதன் தொடக்கம். இயற்கை ஏமாறாது. விசையில் இலாபம் வந்தால் தூரத்திலும் நேரத்திலும் அதே அளவு நட்டம் வரும்.

அப்படியென்றால் பொறி எதற்கு? கலிலியோவின் பதில் வகுப்பறைக்கு மிகப் பொருத்தமானது. 100 கிலோகிராம் சீனி மூட்டையை ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கயிற்றுத் துண்டுகள் சுமையைத் தாங்கும் கப்பித் தொகுதி இருந்தால், 25 கிலோகிராமைத் தூக்கும் எத்தனம் போதும். ஆனால் கயிற்றை நான்கு மீற்றர் இழுக்க வேண்டும். கப்பி இல்லையென்றால் சீனியை நான்கு பைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பையையும் ஒரு மீற்றர் தூக்கிவிடலாம். அதே கை, அதே 25 கிலோகிராம், அதே நான்கு மீற்றர். இரண்டு வழியிலும் வேலை ஒன்றுதான். சீனியைப் பிரிக்கலாம், கருங்கல்லைப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாத பாரத்தைப் பிரித்ததுபோல் தூக்கித் தருவதுதான் பொறியின் சேவை. இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு "வேலை குறையும்" என்று ஒரு பிள்ளை எழுதுவது கஷ்டம்.

இன்னும் "வேலை" என்ற பெயர் வரவில்லை. அதைக் கொண்டுவந்தது தொழிற்சாலையும் கூலியும்தான். 1759இல் ஜோன் ஸ்மீற்றன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் மாதிரி நீர்ச்சக்கரங்களை வைத்து, அவை எவ்வளவு பாரத்தை எவ்வளவு உயரம் தூக்குகின்றன என்று அளந்தார். மேலிருந்து நீர் விழும் சக்கரம், அடியில் நீர் மோதும் சக்கரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பயன் தருவதைக் காட்டினார். ஜேம்ஸ் வாட், ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தல் பாரத்தை ஓர் அடி உயர்த்தும் என்று வைத்துத் தனது நீராவி இயந்திரங்களுக்கு விலை பேசினார். பிரான்ஸில் கூலோம், ஆம், மின்னேற்ற விதியில் நாம் படிக்கும் அதே கூலோம், படியேறிச் சுமை தூக்கும் ஆட்கள் ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடியும் என்று ஆராய்ந்தார். தமது உடல் நிறையையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமையில்லாமல் ஏறுபவர் சுமையோடு ஏறுபவரைவிட ஒரு நாளில் அதிகம் உயர்த்துகிறார் என்று கண்டார்.

கடைசியாக 1829இல் கொரியோலி என்ற பிரெஞ்சு அறிஞர், இயந்திரங்களின் பயனைக் கணிப்பது பற்றிய தனது நூலில், விசையையும் அத்திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கி வருவதற்கு, உழைப்பைக் குறிக்கும் சாதாரண பிரெஞ்சுச் சொல்லையே பெயராக வைத்தார். அதுதான் எமது பாடநூலில் "வேலை" என்று நிற்கிறது. பிற்காலத்தில் அதன் அலகுக்கு யூலின் பெயர் வந்தது.

ஆக, தந்திரம் என்று தொடங்கிய கதை உழைப்பு என்ற சொல்லில் வந்து முடிந்தது. ஆனால் பௌதிகவியலின் வேலையும் மனிதனின் உழைப்பும் முழுக்க ஒன்றல்ல. புறக்கோட்டையில் ஒரு நாட்டாமி 50 கிலோகிராம் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு லொறிக்காகப் பத்து நிமிடம் அசையாமல் நின்றால், அந்த மூட்டையின் மீது அவர் செய்த வேலை பூச்சியம். அவருடைய தசைகளோ சக்தியைச் செலவழித்துக் களைத்துப் போயிருக்கும். சமன்பாட்டில் பூச்சியம் என்பதால் கூலியும் பூச்சியம் ஆகாது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எமது கைபேசிகளுக்கு அடிக்கடி ஒரு செய்தி வருகிறது: "எல்லா விஞ்ஞானமும் முஸ்லிம்கள் கண்டுபிடித்தது, ஐரோப்பா திருடிக்கொண்டது." இன்னொரு பக்கம், ஆர்க்கிமிடீஸிலிருந்து ஒரே பாய்ச்சலில் கலிலியோவுக்குப் போய்விடும் நூல்களும் இருக்கின்றன. இரண்டும் பிள்ளைகளுக்கு அநியாயம். ஹெரோனின் அரபு நூல் கலிலியோவின் கைக்குப் போகவில்லை. ஐந்து பொறிகள் பற்றிய செய்தி பப்புஸ் வழியாகவே ஐரோப்பாவுக்குப் போனது. ஸாபித்தின் தராசு நூலோ உண்மையாகவே அங்கு போனது. போனதைப் போனது என்றும் போகாததைப் போகவில்லை என்றும் சொன்னால்தான் நாம் சொல்லும் மற்றதையும் பிள்ளை நம்பும். மிகைப்படுத்தியதைப் பிள்ளை என்றாவது ஒருநாள் தேடிப் பார்க்கும். அன்று பொய்யோடு சேர்த்து உண்மையையும் தூக்கி எறிந்துவிடும்.

கிரேக்க எகிப்தியர், கிறிஸ்தவ மொழிபெயர்ப்பாளர், ஸாபிஈ கணிதர், அடிமையாக இருந்த முஸ்லிம் அறிஞர், இத்தாலிய ஆசிரியர், பிரெஞ்சுப் பொறியியலாளர். இத்தனை பேரின் வரிசையில் எமது பங்கு ஒரு பகுதி. அது உண்மையான பகுதி, அதுவே போதுமானது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த அலகு வரும்போது பொறிமுறை நயத்தின் சூத்திரத்தைப் பலகையில் எழுத முன்னர், இரண்டு கப்பி, ஒரு நூல், ஒரு விற்றராசு, ஒரு அடிமட்டம் கொண்டுபோங்கள். சுமை உயர்ந்த தூரத்தையும் நூல் இழுபட்ட தூரத்தையும் பிள்ளைகளே அளக்கட்டும். விசையைத் தூரத்தால் அவர்களே பெருக்கட்டும். நாம் இழுத்துக் கொடுத்தது சுமை பெற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அந்த மிச்சம் எங்கே போனது என்று ஒரு பிள்ளை கேட்கும். உராய்வு, கப்பியின் நிறை, வினைத்திறன் எல்லாவற்றையும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.