மோட்டார்க் கூடு கட்டிய கைகள்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதுவோர் எஞ்சினைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். அவ்வெஞ்சினைத் தாங்கும் சட்டத்தின்மேல் மனிதர் அமர்வதற்கு ஒரு கூடு வேண்டுமே, அதனை ஆக்கியவர் யாவர் என்று வினவுவோர் மிகச் சிலரே. நம் உதியன்குளங்கரையின் ஊடே செல்லும் நாகர்கோவில் சாலைக்கு இவ்வினா மிகவும் உரியது. 1979-ஆம் ஆண்டு வரை இப்பக்கத்தில் இருப்புப்பாதை இல்லை. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட சுமார் 65 கிலோமீட்டரை மக்கள் பெரும்பாலும் பஸ்ஸிலேயே கடந்தனர். ரயில்வேயில் ஊழியம் புரியும் நாம் இதைச் சொல்வதால் நமக்கொன்றும் குறைவு வந்துவிடாது!

மோட்டார் தோன்றிய காலத்தில், உயர்ந்த வண்டிகளைச் செய்த கம்பெனியார் சட்டமும் எஞ்சினும் சக்கரமும் மட்டுமே விற்றனர். வாங்கியவர் தமக்கு வேண்டிய கூட்டை வேறொரு பட்டறையில் கட்டுவித்துக்கொண்டார். ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனி தானே கூடும் சேர்த்து விற்கத் தொடங்கியது 1949-இல்தான். ராஜ்கோட் மன்னருக்காக 1934-இல் உருவான புகழ்பெற்ற ரோல்ஸ்ராய்ஸின் கூட்டைக் கட்டியது திரப் அண்டு மேபர்லி என்னும் வேறு நிறுவனம். நம் சென்னையிலோ, 1840-இல் தோன்றிய சிம்சன் கம்பெனி குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் பெற்றிருந்தது. அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். குதிரை வண்டிக்குக் கூண்டு கட்டிய கைத்திறனே பின்னர் மோட்டாருக்கும் பயன்பட்டது.

அத்திறன் எத்தகையது? முதலில் மரத்தால் எலும்புக்கூடு போன்ற சட்டம் அமைப்பார்கள். பின்னர் அதன்மேல் தகடு போர்த்துவார்கள். தட்டையான தகட்டை ஒரு பக்கம் மட்டும் வளைப்பது எளிது. இரு பக்கமும் வளைந்த சக்கர மூடியை உருவாக்குவதே வித்தை. மணல் மூட்டையின்மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தால் நடுப்பகுதி விரிந்து குழியும். அடித்த தழும்புகளை இரண்டு உருளைகளுக்கிடையே தகட்டை முன்னும் பின்னும் ஓட்டி மழுக்குவார்கள். அடிக்க அடிக்க உலோகம் விறைத்துக்கொள்ளும். அப்படியே அடித்தால் வெடித்துவிடும். ஆகவே இடையிடையே காய்ச்சி இளக்க வேண்டும். அலுமினியமோ சிவக்காமலே உருகிவிடும் பொருள். அதற்கு ஒரு யுக்தி உண்டு: தகட்டில் சோப்பைத் தேய்த்துச் சூடாக்குவார்கள், சோப்பு கருகியதும் தீயை விலக்கிவிடுவார்கள். கருமான் பட்டறையிலும் பாத்திரக் கடையிலும் காணும் அறிவுக்கு இது அடுத்த வீட்டு உறவு என்றே நாம் கருதுகிறோம்.

இனி நம் சாலைக்கு வருவோம். திருவிதாங்கூர் அரசு தானே பஸ் நடத்தத் தீர்மானித்து, லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்டர் என்பவரை 1937-இல் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது. இங்கிலாந்திலிருந்து 60 சட்டங்கள் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினுடன் வந்திறங்கின. கூடு வரவில்லை! அதனைச் சால்டரின் மேற்பார்வையில் உள்நாட்டிலேயே கட்டினார்கள். 1938 பிப்ரவரி 20-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா சேவையைத் தொடங்கிவைத்து, அரச குடும்பத்தாருடன் முதல் பஸ்ஸில் கவடியார் வரை சென்றார். ஓட்டியவர் சால்டரே. தென்கோடியாகிய கன்னியாகுமரிக்கு நம் சாலை வழியேதான் பஸ்கள் ஓடின. 1956 நவம்பரில் எல்லை மாறி நாகர்கோவில் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. உதியன்குளங்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் பஸ் நிற்கவில்லை. இதே சாலையிலுள்ள பாப்பனங்கோட்டுப் பணிமனையில் அரசு பஸ்களுக்குக் கூடு கட்டும் தொழில் பல்லாண்டு நடைபெற்றது.

கார்களின் கதி வேறாயிற்று. பெரிய அச்சுகளில் எஃகுத் தகட்டை ஒரே அழுத்தில் வார்ப்படம்போல் வளைக்கும் முறை அமெரிக்காவில் எட்வர்டு பட் என்பவரால் பரவியது. அச்சின் விலை அதிகம். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்தால்தான் கட்டும். பின்னர்க் கூடும் சட்டமும் ஒன்றேயாகிவிட்டன. 1955 அக்டோபர் 2-இல் பெரம்பூரில் தொடங்கிய ஆலையின் ரயில் பெட்டிகளும் இவ்வகையினவே. அம்பாசடர் காரும் அவ்வாறே. கூடும் சட்டமும் பிரியாதபோது தனிக் கூடு கட்டுவோருக்கு ஏது வேலை?

ஆனால் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. பழைய காரை ஆசையோடு வைத்திருப்பவருக்குத் துருப்பிடித்த பகுதிக்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. டிங்கர் பட்டறைக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே தேர்ந்த தொழிலாளி தகட்டைக் கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவியே மேடு பள்ளம் அறிகிறார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் வர்ணம் பூசியதும் காட்டிக்கொடுத்துவிடுமல்லவா?

நாம் படித்த போக்குவரத்து வரலாறுகளில் சால்டரின் பெயர் இருக்கிறது. எஞ்சின் செய்தவர் பெயரும் இருக்கிறது. 1938-இல் மரம் இழைத்துத் தகடடித்தவர் பெயர் ஒன்றையும் காணவில்லை. அவர்களுள் தமிழரும் இருந்திருக்கலாம். நம் காலனிக் குடும்பங்களில் எவருடைய தந்தையாரோ பாட்டனாரோ அப்பட்டறைகளில் பணிசெய்திருப்பின், அன்னாரின் பெயர், ஊர், செய்த வேலை, புகைப்படம் இருந்தால் அதுவும், சங்கக் காரியதரிசியிடம் தருமாறு வேண்டுகிறோம். அடுத்த ஆண்டு மலரில் வெளியிடலாம்.