கம்பவுண்டர் மருந்து

மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்து, ஒரு நோயாளிக்கென்றே அளந்து கலந்து தரப்படும் மருந்து கலவை மருந்து ஆகும். தமிழ்நாட்டில் இதைக் கலந்தவர் கம்பவுண்டர் என்றும், கலந்த திரவம் மிக்சர் என்றும் அழைக்கப்பட்டன. திண்டுக்கல் - பழனி சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரம் போன்ற ஊர்களின் முதியோர் பேச்சில் இச்சொற்கள் இன்னும் உண்டு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1860இல் மருந்தாளர் பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஆனால் கிராமப்புறத்தில் மருந்து கலந்தவர்களில் பலர் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர்களே. உள்ளாட்சிப் பணத்தில் நடந்த லோக்கல் பண்டு ஆஸ்பத்திரிகளுக்கு மக்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டு சென்றனர். பாட்டிலின் பக்கத்தில் ஒட்டிய காகிதப் பட்டையில் வேளைக்கு ஒரு வெட்டு இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு விளங்கிவிடும்.

அன்றைய அளவுகள் கிரெயின், டிராம், அவுன்ஸ். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். எட்டு டிராம் ஒரு அவுன்ஸ். மலேரியாவுக்குத் தரப்பட்ட குயினைன் சல்பேட் தண்ணீரில் எளிதில் கரையாது. நீர்த்த கந்தக அமிலம் சில துளி விட்டால் தெளிந்துவிடும். அதே கலவையில் சோடா உப்பைச் சேர்த்தால் குயினைன் மீண்டும் பிரிந்து அடியில் படியும்.

எட்டிக் கொட்டையிலிருந்து கிடைக்கும் ஸ்டிரிக்னைன் இதைவிட ஆபத்தானது. புரோமைடு உப்புடன் சேர்ந்தால் அது மெல்லப் படிகமாகி அடியில் தங்கும். பாட்டிலைக் குலுக்காமல் குடித்து வந்தவர் கடைசி வேளையில் நஞ்சு முழுவதையும் விழுங்க நேரும். முதல் உலகப்போரின்போது மருத்துவமனையில் மருந்து கலந்த அகதா கிறிஸ்டி, தமது முதல் நாவலில் இந்த வேதிவினையைக் கையாண்டார். 'குலுக்கிக் குடிக்கவும்' என்ற சீட்டு வெறும் சம்பிரதாயமாக ஒட்டப்பட்டதன்று.

கர்னல் சோப்ரா தலைமையில் 1930இல் அமைந்த விசாரணைக் குழு மருந்துகளின் தரத்தையும் மருந்தாளர் பயிற்சியையும் ஆராய்ந்தது. 1940இல் மருந்துச் சட்டமும் 1948இல் மருந்தாளர் சட்டமும் வந்தன. பதிவு பெற்ற மருந்தாளரே சீட்டு மருந்தைக் கலக்கலாம் என்பது பின்னதன் சாரம். 1945ஆம் ஆண்டு விதிகளில் ஒரு சுவையான பிரிவு உண்டு. சீட்டுப்படி மருந்து கலக்கும் வசதியுள்ள கடையே 'பார்மசி' என்று பலகை வைக்கலாம். மருந்தாளர் இருந்தும் அவ்வசதி இல்லையெனில் 'கெமிஸ்ட் அண்டு டிரக்கிஸ்ட்' என்றே எழுத வேண்டும். வசதி என்றால் தராசு, கல்வம், அளவுக் குவளை முதலியன. அவற்றின் பட்டியல் 'என்' அட்டவணையில் உள்ளது. இன்று பலகை படிப்போரில் எத்தனை பேர் இவ்வேறுபாட்டை அறிவர்?

சட்டம் மருந்தாளரை உயர்த்திய அதே காலத்தில் ஆலை மாத்திரைகள் கல்வத்தை ஓரங்கட்டின. இதில் நன்மையே அதிகம். ஒரே தரம், சோதனை, காலாவதி நாள் ஆகியவை மிக்சர் பாட்டிலில் இல்லை. முறையான மேற்பார்வை இல்லாத கலப்பின் விளைவை 2012இல் அமெரிக்கா கண்டது. மாசாசூசெட்ஸ் மாநில நிறுவனம் ஒன்று கலந்து அனுப்பிய ஊசி மருந்தில் பூஞ்சை இருந்ததால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆயினும் தேவை மறையவில்லை. இதய நோயுள்ள பச்சிளங்குழந்தைக்கு ஏற்ற அளவில் பல மாத்திரைகள் வருவதில்லை. மருத்துவமனை மருந்தாளர் பெரியவர் மாத்திரையைப் பொடித்து, லாக்டோஸ் சேர்த்து, எடை பார்த்துப் பொட்டலமாக மடிக்கிறார். அவ்வசதி இல்லாத ஊரில் தாய் கத்தியால் மாத்திரையைக் காலாக நறுக்குகிறாள். நான்கு துண்டும் ஒரே எடையாக அமைவது அரிது. மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும்.

வயலில் நெல் தாளோ சோளத் தோகையோ கண்ணில் பட்டு உண்டாகும் பூஞ்சைப் புண்ணுக்கும் சில சமயம் இம்முறையே கைகொடுக்கிறது. நரம்பில் ஏற்றும் வோரிகொனசோல் மருந்தைக் கிருமியற்ற அறையில் நீர்த்துச் சொட்டு மருந்தாக்குவர். குளிரில் வைத்துக் குறித்த நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். ரெட்டியார்சத்திரத்து உழவர் இதற்காகத் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பேருந்து ஏறுகிறார்.