ஃபிரேம், ஜேனட் (1924–2004)

நியூசிலாந்து எழுத்தாளர். டனீடனில் பிறந்தவர். சகோதரிகள் இருவர், மர்ட்டில் 1937இலும் இசபெல் 1947இலும், நீரில் மூழ்கி இறந்தனர். மனச்சிதைவு நோய் என்று தவறாக முடிவு செய்யப்பட்டதால் சீக்ளிஃப், ஆக்லாந்தின் அவொண்டேல் முதலிய மனநல மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் அடைபட்டு, திரும்பத் திரும்ப மின்னதிர்ச்சி சிகிச்சைக்கு ஆளானார். மூளை அறுவைக்கும் பெயர் குறித்துவிட்டார்கள். முதல் சிறுகதைத் தொகுப்புக்குப் பரிசு கிடைத்த செய்தியைப் பார்த்த மருத்துவர் அதை நிறுத்தினார். எழுத்தே அவரைக் காப்பாற்றியது என்பது இங்கே மிகையல்ல.

ஆக்லாந்து நகருக்கு வடக்கே, துறைமுகத்துக்கு அப்பால் உள்ள டாகபுனாவில், எழுத்தாளர் ஃபிராங்க் சார்ஜசன் தம் தோட்டத்துக் குடிசையை 1955இல் அவருக்குத் தந்தார். சார்ஜசனின் காலடி கேட்டால், எழுத்து ஓடாத நாளிலும் தட்டச்சுப்பொறியை விடாமல் தட்டியதாகச் சுயசரிதையில் சொல்கிறார். அங்கே உருவானதே 'அவுல்ஸ் டூ கிரை' (1957). தாம் தப்பிய அறுவை அதில் டாஃப்னி என்ற பாத்திரத்துக்கு நேர்கிறது.

துன்பம்தான் அவரை எழுத்தாளராக்கியது என்பது தவறு; சிறுமியாக இருந்தபோதே கவிதை எழுதியவர். துன்பம் தந்தது கருப்பொருளை, பறித்தது ஆண்டுகளை. லண்டன் மருத்துவர்கள் பின்னர் பரிசோதித்து, அவருக்கு மனச்சிதைவு இருந்ததே இல்லை என்று அறிவித்தனர்.