அடுப்படிக் கணக்கு

போர்க்கால யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கதைக்கேக்க பங்கரும் இடப்பெயர்வும் உடன ஞாபகம் வரும். அந்தக் காலத்தில வீடுகளைக் கொண்டு நடத்தின அடுப்படிகளைப் பற்றி நாங்கள் குறைவாத்தான் எழுதியிருக்கிறம்.

1990 இல் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில். கணவனை இழந்த பெண்களுக்கு வெளியில வேலை கிடைப்பது கஷ்டம்; கிடைச்சாலும் கைக்குழந்தையை ஆரிட்ட விட்டிட்டுப் போறது? அதனால் வீடே தொழிலிடமானது. விளக்கு வெளிச்சத்தில இடியப்பம் பிழிஞ்சு, இடையில ஏணையை ஆட்டி, விடிய முதல் கடைக்குக் குடுத்தார்கள். வேறு சிலர் தைத்தார்கள், பனையோலை இழைத்தார்கள்.

2009 க்குப் பிறகு இந்த உழைப்புக்கு 'சுயதொழில்' எண்டு பேர் வந்தது. கூடவே நுண்கடனும் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சலெண்டால் அந்தக் கிழமை இடியப்பம் இல்லை; ஆனால் கிழமைத் தவணை நிற்காது. 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் நின்ற, 1 இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது.

கடனைத் தள்ளினாலும் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி இருக்கு. 30 வருசம் இடியப்பம் பிழிஞ்சவவுக்கு அது இல்லை. பிள்ளை வளர்த்ததும் எந்தக் கணக்கிலும் இல்லை. "அம்மா சும்மா வீட்டிலதான்" எண்டு சொல்லிப் பழகின நாங்கள், முதலில் அந்தச் 'சும்மா'வை விடுவம்.